பந்தல் பிரித்த பிறகு: வாசகர் கேள்வி-பதில்

வைகாசி முகூர்த்தம், லீவுக்கு வந்த சொந்தக்காரர்கள், வில்லியனூர் தேர், சில்வர் பீச், சினிமா என்று ஒரு மாதம் ஓடி ஓய்ந்த வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. எதை முதலில் எடுத்து வைப்பது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எது சீக்கிரம் கெடுமோ அதை முதலில் பாருங்கள். பட்டு ஒரு வாரத்தில் கறை பிடித்துவிடும். ஞாபகமும் ஏறக்குறைய அவ்வளவுதான் தாங்கும்.

திருவந்திபுரத்தில் மகள் கல்யாணம் முடிந்தது. மொய் நோட்டுக் கூட்டலைவிடக் கையில் 1,800 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. மூன்று தடவை எண்ணிவிட்டோம். எங்கே தேடுவது?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பணத்தை இனி எண்ண வேண்டாம், நோட்டைப் பாருங்கள். மொய்த் தொகை பெரும்பாலும் 1-இல் முடியும். ஒரு ஆள் விட்டுப்போயிருந்தால் வித்தியாசம் 501, 1001 என்று வந்திருக்கும். உங்களுடையது 1,800. இதை 9-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 200 வருகிறது. இப்படி 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஒரு சுழியம் விழுந்திருக்கலாம். 2001-ஐ 201 என்று எழுதினால் சரியாக 1,800 குறையும். 510-ஐ 501 என்று எழுதினால் 9 குறையும். அதனால் 201 என்று இருக்கும் வரிகளை மட்டும் முதலில் கவருடன் ஒப்பிடுங்கள். கணக்கு நேராகும் வரை கவர்களைத் தூக்கிப் போடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் மொத்தமாகக் கூட்டியதை விட்டுவிட்டுப் பக்கத்துக்குப் பக்கம் கூட்டுங்கள். ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் டிக் போட வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் கண் பழைய தப்பையே மறுபடி படிக்கும்.

மற்ற வீடுகளில் இதற்கு நேர்மாறாக, பணம் குறைவதுதான் அதிகம். மண்டபத்திலேயே சமையல்காரருக்கோ மேளக்காரருக்கோ பாக்கித் தொகையை மொய்ப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அதை யாரும் குறித்திருக்க மாட்டார்கள். ஜிபேயில் வந்த மொய் இன்னொரு சிக்கல். அது மாப்பிள்ளை போனிலும் அப்பா போனிலும் பிரிந்து கிடக்கும். கல்யாண நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் வங்கிக் கணக்கைப் பார்த்து, அதற்கென்று நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

கணக்கு நேரானதும் ஊர்வாரியாக ஒரு நல்ல நோட்டில் பெயர்த்து எழுதுங்கள். நெல்லிக்குப்பம் பகுதியில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் இன்ஷியல் மட்டும் போதாது. தெருவும் யார் வழி உறவு என்பதும் வேண்டும். தாய்மாமன் போட்ட மோதிரத்துக்கு ரூபாயை எழுதாமல் எடையை எழுதுங்கள். பத்து வருஷம் கழித்துத் திருப்பிச் செய்யும்போது அதுதான் உதவும். மொய் எழுத உட்கார்ந்தவரையும் வீட்டுப் பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் இதை முடித்துவிடுங்கள்.

மணமக்களுக்குக் கல்யாணத்தில் வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. ஆனால் ஒரே ஆளிடம் ஒரே நிகழ்ச்சிக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது.

ஒரு மாதம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. பிள்ளைகளுக்காக எழுதி வைக்க ஆசை. தேதியெல்லாம் குழம்பிவிட்டது. போட்டோக்களோ நான்கைந்து போன்களில் இருக்கின்றன.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

முதலில் பால் கணக்கு எழுதும் காலண்டரை எடுங்கள். வழக்கமாக இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் ஐந்து என்று எழுதிய நாள்கள்தான் விருந்தாளிகள் இருந்த நாள்கள். அதன்மேல் ஜிபே பட்டியலையும் தியேட்டர் டிக்கெட் எஸ்எம்எஸ்ஸையும் பொருத்தினால் பாதி மாதம் தானாக வந்து உட்காரும்.

போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்காதீர்கள். படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். கோப்பின் பெயரில் தெரியும் தேதி படம் எடுத்த தேதி அல்ல. ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோக்காரர் தரும் கோப்பு பென் டிரைவில் ஏறவில்லை என்றால் பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மெட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான், கல்யாண வீடியோவுக்குக் காணாது. ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி ஒரு பிரதியை உங்களிடமும், இன்னொன்றை அண்ணன் தம்பி வீட்டிலும் வையுங்கள்.

குடும்பப் படத்தில் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பின் வரிசையில் நிற்கும் பெரியம்மாவை அடையாளம் சொல்ல இன்று ஆள் இருக்கிறது.

கட்டிய பட்டுப்புடவைகளை அப்படியே பீரோவில் வைக்கலாமா?
– வாசகி, தேவனாம்பட்டினம்

கூடாது. வியர்வை உப்பு ஈரத்தை இழுக்கும், ஜரிகை கறுக்கும். கடற்கரைப் பக்கம் மொட்டை மாடியிலும் போடாதீர்கள், காற்றிலேயே உப்பு இருக்கிறது. வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் மூன்று மணி நேரம் விரித்துவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். எண்ணெய்க் கறைமேல் முகப்பவுடரைத் தூவி, இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டுங்கள். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் அது சிவக்கும். அதை டிரை கிளீனிங் கடையில் காட்டி, ‘இது மஞ்சள்’ என்று சொல்லிக் கொடுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. துணியில் முடிந்த கிராம்பு போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இழை விடும்.

புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு இரண்டே நாளில் பச்சை பூக்கிறது.
– வாசகி, அரியாங்குப்பம்

புளியும் உப்பும் இடுக்கில் தங்கியிருக்கின்றன. பாகம் பாகமாகக் கழற்றி நிறையத் தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடைத்து, கடைசியில் உலர்ந்த விபூதியால் தேயுங்கள். திரி வைக்கும் முகத்தையும் திருகு மரையையும் விட்டுவிடாதீர்கள்.

பள்ளி திறக்கிறது. மகன் இரவு 11.30-க்குத்தான் தூங்குகிறான்.
– வாசகர், நெய்வேலி

ஒரே நாளில் 9.30-க்குப் படுக்க வைத்தால் புரண்டுகொண்டுதான் இருப்பான். எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னதாக எழுப்புங்கள், படுக்கும் நேரத்தையும் அதே அளவு முன்னே கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேரத்தைச் சரிக்கட்ட 16 நாள் பிடிக்கும். எழுந்ததும் அரை மணி நேரம் வெயில் வெளிச்சத்தில் நடக்க விடுங்கள். மதியத் தூக்கம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழுப்புங்கள். அன்று ஒரு நாள் விட்டுக்கொடுப்பதால்தான் பல வீடுகளில் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.