கேள்வி – பதில்: கறுத்த கடற்கரையில் முடியும் பழி

கேள்வி: 'கெட் கார்ட்டர்' படத்தை ரொம்பப் புகழ்ந்தார்களே என்று பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் ஆள் நடக்கிறான், விசாரிக்கிறான். பழிவாங்கும் கதையில் இவ்வளவு மெத்தனமா?
– வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: அந்த நடையில்தான் படமே இருக்கிறது. லண்டன் தாதாக்களின் அடியாள் ஜாக் கார்ட்டர் (மைக்கேல் கெய்ன்) வட இங்கிலாந்திலுள்ள சொந்த ஊரான நியூகாசிலுக்குப் போகிறான். சகோதரன் பிராங்க் குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் செத்தான் என்கிறார்கள், இவன் நம்பவில்லை. நம்மூர்ப் படமென்றால் இந்த இடத்தில் பிளாஷ்பேக் போட்டு, செத்தவன் எவ்வளவு நல்லவன் என்று அழவைத்த பிறகுதான் அரிவாளை எடுப்பார்கள். இயக்குநர் மைக் ஹாட்ஜஸ் பிராங்கைச் சவப்பெட்டியில்தான் காட்டுகிறார். அவர் தொலைக்காட்சி ஆவணப்படங்களிலிருந்து வந்தவர், ஒளிப்பதிவாளர் வுல்ப்காங் சுஷிட்ஸ்கியும் ஆவணப்படக்காரர்தான். அதனால் மதுக்கடையும் வரிசை வீடுகளும் செட் போட்டதுபோல இல்லாமல் ஊராகவே தெரிகின்றன.

திருப்பம் ஒரு கட்டிலில் நடக்கிறது. சின்னப் புரொஜெக்டரில் ஓடும் ஆபாசப் படத்தில் பிராங்கின் மகள் டோரீனைக் கார்ட்டர் பார்க்கிறான். கெய்ன் கத்தவில்லை, கண்ணீர் மட்டும் வழிகிறது. அதுவரை விசாரணை, அதற்கப்புறம் கொலை. அடுத்தமுறை பார்க்கும்போது இந்த இடத்துக்கு முன்பும் பின்பும் அவன் குரலைக் கவனியுங்கள்.

முடிவு டர்ஹாம் பகுதியின் பிளாக்ஹால் கடற்கரையில். பிராங்கின் சாவுக்குக் காரணமான எரிக்கின் வாயில், பிராங்குக்கு அவன் செய்ததைப் போலவே விஸ்கியை ஊற்றி, துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் கொன்று, சுரங்கக் கழிவைக் கடலில் கொட்டும் தொட்டியில் பிணத்தைப் போடுகிறான். உங்கள் ஊர்க் கடற்கரையின் கறுப்பு இல்மனைட் போன்ற தாதுமணலால் வந்தது. அங்கே கறுப்பு, நிலக்கரிச் சுரங்கக் கழிவு. ஊரின் பிழைப்பே கரையில் குப்பையாகக் கிடக்கிறது. அங்கேயே கார்ட்டரும் சுடப்பட்டுச் சாகிறான். பழி தீர்ந்ததே என்று கைதட்ட முடியாது, ஏனென்றால் அவனும் அந்தக் கூட்டத்து ஆள்தான். இந்த நேர்மைதான் 1971-ல் வந்த படத்தை இன்றும் பார்க்க வைக்கிறது.

கேள்வி: டைட்டிலில் தபேலா கேட்கிறதே, நிஜமா? எந்தப் பிரதியைப் பார்ப்பது?
– வாசகி, தக்கலை

பதில்: நிஜம்தான். இசை ராய் பட். ஹார்ப்சிகார்டு (பியானோ மாதிரியான பழைய கருவி) வாசித்தது அவரே. தபேலா கிறிஸ் காரன், டபுள் பாஸ் ஜெப் கிளைன். போன் ஸ்பீக்கரில் பாஸ் அடிபட்டுப் போகும், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். இதே பெயரில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்த 2000-ம் ஆண்டு படம் வேறு. அதில் கார்ட்டர் பிழைத்துக்கொள்கிறான். 1971, 112 நிமிடம் என்று பார்த்து எடுங்கள். வட இங்கிலாந்து உச்சரிப்பு பிடிபடாது, சப்டைட்டில் வேண்டும். பெரியவர்களுக்கான படம், பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். அந்தத் தபேலா ஓடும்போதே ரயில் பெட்டியில் 'ஜே' என்று பொறித்த மோதிரம் போட்ட ஒருவன் உட்கார்ந்திருப்பான். கடற்கரையில் கார்ட்டரைச் சுடும் விரலிலும் அதே மோதிரம்.