கைப்பேசியின் பேட்டரியைப் பார்த்துக் கார் வாங்கத் தயங்கலாமா?

கேள்வி: என் கைப்பேசியின் பேட்டரி இரண்டே ஆண்டுகளில் தளர்ந்துவிட்டது. ஈப்போவில் வேலை செய்யும் என் மகன் மின்சாரக் கார் வாங்கப்போவதாகச் சொல்கிறான். இரண்டிலும் இருப்பது லித்தியம் பேட்டரிதானே? அதுவும் இப்படியே கெட்டுப்போனால் என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். 2008இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் என்ற மின்சாரக் கார், மடிக்கணினிகளில் பயன்பட்ட வகையைச் சேர்ந்த 6,831 சிறு மின்கலங்களை ஒன்றாகக் கோத்துத்தான் ஓடியது. (டார்ச் விளக்கில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி வேறு இனம். அதை இதில் சேர்க்க வேண்டாம்.) ஆயினும் கைப்பேசியை வைத்துக் காரை மதிப்பிட முடியாது என்பதற்கு முதற்காரணம் அளவு.

இன்றைய கைப்பேசி ஒன்றில் ஏறத்தாழ 19 வாட் மணி மின்சாரம் அடங்கும். புரோட்டோன் இ.மாஸ் 7 மின்சாரக் காரின் பெரிய பேட்டரியில் அடங்குவது 60.22 கிலோவாட் மணி, அதாவது 60,220 வாட் மணி. மூவாயிரம் கைப்பேசிகளை நிரப்பிய பிறகும் மிச்சம் இருக்கும். கைப்பேசியை நாள்தோறும் காலி செய்து நிரப்புவதால் ஆண்டுக்கு 365 சுற்றுகள் ஆகின்றன. பல கைப்பேசி பேட்டரிகள் 500 சுற்றுகளுக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும்படியே வடிவமைக்கப்பட்டவை என்பதால், உங்கள் அனுபவத்தில் வியப்பில்லை. உங்கள் மகனோ நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுவதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சார்ஜில் 400 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 55 சுற்றுகளே ஆகும். 500ஐத் தொடவே ஒன்பது ஆண்டுகள் பிடிக்கும்.

வேதியியலும் வேறுபடுகிறது. மெல்லிய உடலுக்குள் இயன்ற அளவு மின்சாரத்தைத் திணிக்க வேண்டியிருப்பதால், கைப்பேசியில் பெரும்பாலும் கோபால்ட் கலந்த மின்கலத்தை வைத்து, அது தாங்கக்கூடிய உச்ச மின்னழுத்தத்தின் அருகே வரை நிரப்புகிறார்கள். மேற்சொன்ன கார் உட்பட இப்போது பல கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அது எடைக்கேற்ற அளவில் குறைவாகவே மின்சாரம் கொள்ளும்; ஆனால் ஆயிரக்கணக்கான சுற்றுகளைத் தாங்கும், வெப்பத்தில் எளிதில் நிலைகுலையாது. அதோடு, கைப்பேசியில் குளிர்விக்கும் ஏற்பாட்டுக்கு இடமே இல்லை. இன்றைய பெரும்பாலான மின்சாரக் கார்களிலோ பேட்டரியை ஒட்டிக் குளிர்திரவம் ஓடுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று மின்கலங்களின் மின்னழுத்தத்தையும் சூட்டையும் இடைவிடாது கண்காணித்து, அடிமட்டம் வரை வற்றவிடாமலும் அளவு மீறி நிரம்பவிடாமலும் தடுக்கிறது.

இதனால் காரின் பேட்டரிக்கு மூப்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் அது மெல்ல மூப்படையும். நம் ஊர் வெயிலில் முழுச் சார்ஜோடு நாள்கணக்கில் நின்றால் இன்னும் விரைவாக. நிழலில் நிறுத்துவது நல்லது. எந்த அளவுவரை சார்ஜ் செய்வது என்பதில் நண்பர்களின் யோசனையைவிடக் காரின் கையேட்டையே நம்பலாம், ஏனெனில் அது பேட்டரியின் வகைக்கேற்ப மாறும். கார் பேட்டரிகள் பல நூறு வோல்ட்டில் இயங்குவதால், கைப்பேசி பேட்டரியைப் போல் எந்தக் கடையிலும் கொடுத்துப் பிரிக்கக் கூடாது.

எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் பரவலாகத் தரப்படுகிறது. வாங்கும்போது, கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறச் சொல்லுங்கள்.