"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்: நோயாளியோடு பேசுவது பற்றிச் சில கேள்விகள்

பொது மருத்துவத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். இப்போது பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நோயாளியோடு பேசும் முறையைச் சொல்லித் தருகிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

பயிற்சி மருத்துவர்: டாக்டர், ஓபியில் கூட்டம். நோயாளியைப் பேச விட்டால் நிறுத்தவே மாட்டாரோ என்று பயமா இருக்கு.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. 1984இல் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் ஆலோசனை அறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, மருத்துவர் சராசரியாக 18 விநாடியில் குறுக்கிட்டிருந்தார். 2002இல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். சராசரியாக ஒன்றரை நிமிடத்தில் நோயாளிகள் தாங்களாகவே பேசி முடித்துவிட்டார்கள். அந்த ஒன்றரை நிமிடத்தைக் கொடுங்கள். முடித்ததும் "அப்புறம்? இன்னும் என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கதவருகே போய்த் திரும்பி நின்று, "அப்பப்ப நெஞ்சும் அடைக்குது டாக்டர்" என்பார்.

வார்டு செவிலியர்: மருந்து சாப்பிடும் முறையைத் தெளிவாகத்தான் சொல்லி அனுப்புகிறோம். தலையாட்டிவிட்டுப் போய்த் தப்பாகச் சாப்பிடுகிறார்கள், சார்.

சிஸ்டர், இதே தப்பை நான் செய்திருக்கிறேன். நெஞ்சுவலிக்காரர் ஒருவருக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்து, "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது" என்றார். பத்து நாள் கழித்து வந்து, மாத்திரை கேட்கவே இல்லை என்றார். "எப்படிப் போட்டீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன். சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தார், நாக்கைத் தூக்கி அடியில் வைப்பதுபோல் காட்டினார், அடுத்த நொடியே தம்ளரை வாயில் சாய்ப்பதுபோல் கையைக் கவிழ்த்தார். நான் சொன்னபடி வைத்திருக்கிறார். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று நான்தான் சொல்லவில்லை. விழுங்கிவிட்டால் கல்லீரலே அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். தானாகக் கரைந்தால்தான் நேரே ரத்தத்தில் சேரும்.

அன்றிலிருந்து "புரிஞ்சுதா?" என்பதை விட்டுவிட்டேன். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க" என்கிறேன். பரீட்சை எனக்குத்தான் என்று தெரிந்தால் அவர் கூச்சப்பட மாட்டார்.

புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர்: "அப்பாவிடம் சொல்லாதீங்க" என்று மகன் கையைப் பிடித்துக்கொள்கிறார். என்ன செய்வது?

மகனைக் கோபிக்காதீர்கள். முதலில் அவருக்கு என்ன பயம் என்று கேளுங்கள். ஆனால் உடம்பு அப்பாவுடையது, முடிவும் அவருடையதுதான். அவரிடமே கேளுங்கள்: "உங்க உடம்பைப் பத்தி இதுவரைக்கும் என்ன நினைக்கிறீங்க? ரிசல்ட்டை உங்ககிட்ட விவரமாச் சொல்லட்டுமா, வேற யார்கிட்டயாவது சொல்லணுமா?" பெய்ல், பக்மன் முதலானோர் 2000இல் வெளியிட்ட, கெட்ட செய்தியைப் படிப்படியாகச் சொல்வதற்கான 'ஸ்பைக்ஸ்' முறையிலும் இந்த இரண்டு கேள்விகளும் செய்திக்கு முன்னாலேயே வருகின்றன. பெரும்பாலும் அவருக்கு முன்பே சந்தேகம் இருக்கும். சொல்வதானால் "கட்டி மாதிரி ஏதோ" என்று மழுப்பாமல் புற்றுநோய் என்றே சொல்லுங்கள். சொன்னதும் பேச்சை நிறுத்துங்கள். அந்த மௌனத்தில் சிகிச்சை விவரத்தைக் கொட்டினால் ஒன்றும் காதில் ஏறாது.

மருந்தாளுநர்: பக்கவிளைவைச் சொன்னால் பயந்து மருந்தையே நிறுத்திவிடுகிறார்களே?

மடங்குக் கணக்கில் சொல்லாமல், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வரும் என்று சொல்லுங்கள். "ஆபத்து இரண்டு மடங்கு" என்றால் யாருக்கும் குலை நடுங்கும். ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது இரண்டு பேருக்கு வரும் என்றாலும் அதே இரண்டு மடங்குதான். கூடவே மீதி 998 பேருக்கு வராது என்பதையும் சொல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்: நோயாளிக்கு நம் மொழி தெரியாது. கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

வேண்டாம். அம்மாவின் நோயைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்காதீர்கள். போனிலாவது ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடியுங்கள்.

பெயர் சொல்லாத ஒரு செவிலியர்: நேற்று இரவு ஒரு பாட்டியிடம் எரிந்து விழுந்துவிட்டேன். மனசு உறுத்துகிறது.

இன்றைக்கே போங்கம்மா. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகம் தெரியும்படி உட்காருங்கள். "நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க பாட்டி" என்று சொல்லுங்கள். ஆள் பற்றாக்குறை, நைட் டூட்டி என்று காரணம் சேர்க்காதீர்கள். பிறகு, நேற்று அவர் கேட்க வந்தது என்ன என்று கேளுங்கள். அதற்குப் பதில் இன்னும் கிடைக்காமல்தான் படுத்திருப்பார்.