கணினி கேள்வி–பதில்: மாடியில் சர்வர் ஓடுகிறது, கவுன்ட்டருக்குத்தான் கிடைக்கவில்லை

வடசென்னைக் கடைகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் வந்த கேள்விகளில், டேட்டாபேஸ் சர்வர் இணைப்பு பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை. மாடியில் இருந்த பழைய சர்வர் கணினி போய்விட்டது. புதிதாக விண்டோஸ் 11 கணினி வாங்கி எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் 2019 என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் போட்டோம். அந்தக் கணினியில் பில்லிங் மென்பொருள் நன்றாகத் திறக்கிறது. கீழே மூன்று கவுன்ட்டரிலும் 'எரர் 26' வந்து நின்றுவிடுகிறது. ஷேர் செய்த ஃபோல்டர் மட்டும் எல்லாவற்றிலும் திறக்கிறது. பார்க்க வந்தவர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வேண்டாம். ஃபார்மட் செய்து மறுபடி போட்டாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். இது பழுதே இல்லை. எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவினால் வெளிக் கணினிகளுக்கான வழி மூடியபடிதான் வரும்.

சர்வர் கணினியில் திறக்கிறதே என்று நம்பாதீர்கள். மென்பொருளும் டேட்டாபேஸும் ஒரே கணினியில் இருந்தால் ஷேர்டு மெமரி வழியாகவே பேசிக்கொள்ளும். நெட்வொர்க் கார்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஃபோல்டர் திறப்பதும் கேபிளும் ஸ்விட்சும் சரி என்பதை மட்டும்தான் காட்டுகிறது. எரர் 26 என்றால், எஸ்க்யூஎல்எக்ஸ்பிரஸ் என்ற இன்ஸ்டன்ஸ் (சர்வரில் ஓடும் டேட்டாபேஸின் பெயர்) எந்த போர்ட்டில் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) இருக்கிறது என்று கவுன்ட்டர் கேட்டது, பதில் வரவில்லை என்று பொருள். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியது எஸ்.க்யூ.எல். சர்வர் பிரவுசர் என்ற சர்வீஸ், யு.டி.பி. 1434-இல். எக்ஸ்பிரஸில் அது பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். அதை எழுப்புவதைவிட போர்ட்டை நிலையாக வைத்துவிடுவது நல்லது.

சர்வர் கணினியில் விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, எஸ்க்யூஎல்சர்வர்மேனேஜர்15.எம்.எஸ்.சி. என்று அடியுங்கள். (2017 பதிப்புக்கு 14, 2022-க்கு 16. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் பல கணினிகளில் இது அகப்படாது.) நெட்வொர்க் கான்ஃபிகரேஷனுக்குள் புரோட்டோகால்ஸ் ஃபார் எஸ்க்யூஎல்எக்ஸ்பிரஸ், அதில் டி.சி.பி./ஐ.பி. 'டிஸேபிள்டு' என்று இருக்கும். எனேபிள் செய்யுங்கள். பிறகு அதையே இரட்டைச் சொடுக்கில் திறந்து, ஐ.பி. அட்ரசஸ் பக்கத்தின் அடியில் ஐ.பி. ஆல் என்ற பகுதிக்கு இறங்குங்கள். டி.சி.பி. டைனமிக் போர்ட்ஸ் கட்டத்தில் உள்ளதை முழுக்க அழித்துக் காலியாக விடவேண்டும். 0 என்று விட்டுவைத்தால் 'ஏதாவது ஒரு போர்ட்டை நீயே எடுத்துக்கொள்' என்று அர்த்தமாகிவிடும். பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. கீழே டி.சி.பி. போர்ட்டில் 1433. பிறகு எஸ்.க்யூ.எல். சர்வர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் எதுவும் நடைமுறைக்கு வரும்.

அடுத்தது ஃபயர்வால். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இன்பவுண்ட் ரூல்ஸ், நியூ ரூல், போர்ட், டி.சி.பி. 1433, அலவ். விதியை உருவாக்கியபின் அதைத் திறந்து, ஸ்கோப் பக்கத்தில் ரிமோட் முகவரியாக 192.168.1.0/24 என்று உங்கள் கடை நெட்வொர்க்கை மட்டும் கொடுங்கள். புதுக் கணினியில் நெட்வொர்க்கை 'பப்ளிக்' என்று விண்டோஸ் எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் 'பிரைவேட்'டுக்கு மட்டும் எழுதிய விதி எடுபடாது. நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் என்று மாற்றுங்கள். ஃபயர்வாலையே அணைத்துப் போட்டுவிடலாமே என்று யாராவது சொன்னால், சோதிக்க ஒரு நிமிடம் அணைக்கலாம். சோதித்ததும் போட்டுவிட வேண்டும்.

இப்போது கவுன்ட்டர் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.1.10 -போர்ட் 1433 என்று அடியுங்கள் (அந்த எண்ணுக்குப் பதில் உங்கள் சர்வர் ஐ.பி.). கடைசி வரியில் ட்ரூ வந்தால் வழி திறந்துவிட்டது. ஃபால்ஸ் என்றால் மென்பொருளைத் தொடாதீர்கள், மேலே சொன்னவற்றையே திரும்பப் பாருங்கள். பிங் (கணினி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) பதில் தராததை மட்டும் வைத்து சர்வர் செத்துவிட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கையும் தடுக்கும். பிங் அடித்த கையோடு ஆர்ப் -ஏ அடித்துப் பாருங்கள். அந்த ஐ.பி.க்கு எதிரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டுக்கு உரிய எண்) தெரிந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது.

மென்பொருளில் சர்வர் பெயராக 192.168.1.10,1433 என்று கொடுங்கள். நடுவில் காற்புள்ளிதான், முக்காற்புள்ளி அல்ல. அதற்குப் பிறகு 18456 என்ற பிழை வந்தால் சந்தோஷப்படலாம்: நெட்வொர்க் வேலை முடிந்தது, மீதி கடவுச்சொல் விவகாரம். சர்வரின் எரர் லாகில் அந்த வரியோடு 'ஸ்டேட் 58' என்றிருந்தால், சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கும் நிலையில் இருக்கிறது. இரண்டு வகை லாகினையும் ஏற்கும் மிக்ஸ்டு மோடுக்கு மாற்றி மறுபடி ரீஸ்டார்ட். கவுன்ட்டருக்குத் தனி லாகின் உருவாக்குங்கள், எல்லா உரிமையும் உள்ள எஸ்.ஏ. கணக்கைக் கவுன்ட்டர் கணினியில் எழுதி வைக்காதீர்கள்.

கேள்வி: ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலை வந்தால் சில சமயம் எந்தக் கணினியும் சர்வரைப் பிடிப்பதில்லை. ஐ.பி.யை மாற்றிக் கொடுத்தால் சரியாகிறது.
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: கேள்வியிலேயே விடை இருக்கிறது. ரூட்டர் கொடுக்கும் ஐ.பி. கெடுவுக்கு உட்பட்டது, அணைந்து கிடந்த கணினி எழும்போது அதே எண் கிடைக்கும் என்று உறுதியில்லை. ரூட்டரில் டி.ஹெச்.சி.பி. ரிசர்வேஷன் பகுதிக்குப் போய் சர்வரின் மேக் முகவரிக்கு ஒரு எண்ணை ஒதுக்குங்கள். சர்வரில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் கதை வேறு: ரூட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை, கேபிளைப் பாருங்கள்.

கேள்வி: மீன் வியாபார அலுவலகம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்து, 10054 என்ற பிழை வருகிறது. சில நொடிகளில் தானே சரியாகிறது. சர்வருக்கு யு.பி.எஸ். இருக்கிறது.
— வாசகர், ராயபுரம்

பதில்: அறுவது எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்திலா, ஒன்றுக்கு மட்டுமா? அதை முதலில் கவனியுங்கள்.

எல்லாம் சேர்ந்து அறுந்தால் ஸ்விட்ச் எந்த பிளக்கில் இருக்கிறது என்று பாருங்கள். சர்வருக்கு யு.பி.எஸ். கொடுத்துவிட்டு, ஸ்விட்சைச் சுவர் பிளக்கில் விட்டிருப்பார்கள். கரன்ட் ஒரு கணம் கண்சிமிட்டினாலும் ஸ்விட்ச் அணைந்து எழும். அத்தனை கவுன்ட்டரும் நடுவழியில் நிற்கும். எட்டு போர்ட் ஸ்விட்ச் எடுப்பது சில வாட்தான், அதே யு.பி.எஸ்.ஸில் செருகிவிடலாம். சர்வரின் ஸ்லீப் 'நெவர்' ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றுக்கு மட்டும் என்றால் உங்கள் பகுதியில் முதல் சந்தேகம் உப்புக்காற்று. ஆர்.ஜே. 45 முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். எட்டுத் தகடுகளில் ஏதாவது ஒன்றில் பச்சை பூத்திருந்தால் அதுதான் காரணம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய தங்கப் பூச்சு போய்விட்டால் இன்னும் வேகமாக அரிக்கும். முனையை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்வதே வழி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். சுவர் சாக்கெட்டின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள்; அங்கே பச்சை இருந்தால் முனையை மட்டும் மாற்றிப் பயனில்லை. வெட்டும்போது கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அது தாமிரம் பூசிய அலுமினியம். விலை குறைவு, மடக்கினால் முறியும். அந்தக் கேபிளையே மாற்றுங்கள். 1 ஜி.பி.பி.எஸ். இணைப்பு தானாக 100-க்கு இறங்கியிருந்தால், ஏதோ ஒரு ஜோடிக் கம்பி போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உபுன்டு கணினியில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். வேறு கணினியிலிருந்து 2003 என்ற பிழை வந்தது. ஏதோ மாற்றியபின் இப்போது 1130 என்று வருகிறது.
— வாசகர், பெரம்பூர்

பதில்: முன்னேறியிருக்கிறீர்கள். 2003 என்பது கதவே திறக்காத நிலை, மைஎஸ்க்யூஎல்டி.சி.என்.எஃப். கோப்பில் பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1 (அதே கணினிக்கு மட்டும்) என்று இருந்திருக்கும், அதைத்தான் மாற்றியிருப்பீர்கள். 1130 என்பது 'இந்தக் கணினியிலிருந்து வர அனுமதி இல்லை' என்று மைஎஸ்க்யூஎல் தானே சொல்வது. அதன் கணக்குகள் பெயரும் இடமும் சேர்ந்தவை: லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (அதே கணினிக்கு) உருவாக்கிய கணக்கு வெளியிலிருந்து செல்லாது. 192.168.1.% (192.168.1 என்று தொடங்கும் எந்தக் கணினியும்) என்ற இடத்துக்குப் புதுக் கணக்கு உருவாக்கி, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். ரூட் கணக்கை வெளியே திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: கடை மண்ணடியில், கிடங்கு மாதவரத்தில். கிடங்கிலிருந்து கடை சர்வரில் நேரடியாகச் சரக்கு பதிய வேண்டும். ரூட்டரில் 1433-க்கு போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பும் ஏற்பாடு) போட்டும் வரவில்லை.
— வாசகர், மண்ணடி

பதில்: வராததே நல்லது, முதலில் அதை எடுத்துவிடுங்கள். 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு, வெளியே திறந்து கிடந்த யு.டி.பி. 1434 வழியாகத்தான் உலகெங்கும் எஸ்.க்யூ.எல். சர்வர்களில் புகுந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். டேட்டாபேஸ் போர்ட்டை இணையத்துக்கு நேராகக் காட்டவே கூடாது.

வராத காரணம்: ரூட்டரில் வான் ஐ.பி. (இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுக்கும் எண்) 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், ஒரே பொது ஐ.பி.யைப் பல வாடிக்கையாளர்களுக்கு நிறுவனம் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. அங்கே ஃபார்வர்டிங் எடுபடாது. ஸ்டாட்டிக் ஐ.பி. (மாறாத பொது எண்) கேட்டு வாங்கி, கடையில் வயர்கார்டு வி.பி.என். (இணையத்தின் மேல் பூட்டிய தனி வழி) போடுங்கள், திறக்க வேண்டியது யு.டி.பி. 51820 மட்டும். ஸ்டாட்டிக் ஐ.பி. கிடைக்காவிட்டால் டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். சேவைகள் அது இல்லாமலே இணைக்கும். கடை, கிடங்கு இரண்டும் 192.168.1 என்றிருந்தால் குழப்பம் வரும், கிடங்கை 192.168.20 ஆக்குங்கள். ஃபயர்வால் ஸ்கோப்பில் வி.பி.என். எண்களையும் சேர்க்க மறக்காதீர்கள்.

இணைந்த பிறகும் மென்பொருள் ஆமையாக நகரலாம். கடைக்குள் ஓடுவதற்கென்று எழுதிய மென்பொருள் ஒரு திரையைத் திறக்க 300 முறை சர்வரைக் கேட்கிறது என்று வையுங்கள். போய்வர 30 மில்லிநொடி ஆனாலே 9 நொடி. வேகமான இணைப்பு வாங்கினாலும் இது குறையாது. கடையில் ஒரு விண்டோஸ் புரோ கணினியை ஒதுக்கி, வி.பி.என். வழியாகக் கிடங்கிலிருந்து அதில் ரிமோட் டெஸ்க்டாப் (கடைக் கணினியின் திரையைக் கிடங்கிலிருந்தே இயக்குவது) போடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். கிடங்கில் பதிபவர் ஒருவர்தான் என்றால் அதுவே போதும்.