வளைவில் பீடிங் தூக்கிக்கொண்டு நிற்கிறதா?

கேள்வி: பையனுக்காக வீட்டிலேயே பழைய காலத்து வீடியோ கேம் பெட்டி செய்கிறேனுங்க. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது). ஓரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, ஓரத்தை மூடும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையான டி-பீடிங் அடித்தேன். நேரான இடத்தில் அழகாக உட்கார்ந்துவிட்டது, தலைப்பக்க வளைவில் மட்டும் அலை அலையாக எழும்புகிறது. பசை போட்டால் நிற்குமா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பசையை எடுத்து வையுங்கள், இப்போது அதற்கு வேலை இல்லை. பீடிங்கின் முனையைப் பாருங்கள்: வெளியே தெரியும் பட்டை, நடுவே காடிக்குள் போகும் முள் வைத்த தண்டு. வெளியே புடைத்த வளைவில் பட்டை பெரிய வட்டமாகச் சுற்றுகிறது, தண்டோ உள்ளே சின்ன வட்டத்தில் அடங்க வேண்டும், இடம் பற்றாமல் அது மடங்கித்தான் பட்டையை மேலே தள்ளுகிறது. அதனால் வளைவு வரும் நீளத்துக்கு மட்டும் தண்டில் ஆப்பு வடிவில் சின்னச் சின்னத் துண்டாகக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். நாலு நூலுக்கு (அரை அங்குலத்துக்கு) ஒன்று போதும், வளைவு இறுக்கமென்றால் இன்னும் நெருக்கமாக. கத்தி பட்டையைத் தொடக் கூடாது, தொட்டால் வளைக்கும்போது வெளியே வெள்ளைக் கோடு விழும்.

பட்டன் பலகைக்குப் பக்கத்தில் உள்வாங்கிய வளைவு இருந்தால் கதை தலைகீழ். அங்கே தண்டு நீள வேண்டும், எனவே ஒற்றைக் கீறல் போதும், துண்டு எடுக்க வேண்டாம்.

அப்புறம் காடியையும் ஒரு தடவை பாருங்கள். வளைவில் ரூட்டரை (காடி எடுக்கும் மெஷினை) திருப்பும்போது கை தயங்கினால் ஆழம் குறைந்துவிடும், எம்.டி.எஃப். தூளும் அங்கேதான் அடைந்து கிடக்கும். பழைய ஹேக்ஸா பிளேடை விட்டுச் சுரண்டி எடுங்கள்.

பீடிங்கைச் சூடாக்கி வளைத்தால் சொன்னபடி கேட்கும். மார்கழியில் ஹேர் டிரையர் வேண்டும், சித்திரையென்றால் நம்ம ஊர் வெயிலில் வாசலில் கொஞ்ச நேரம் போட்டாலே போதும். ஆனால் இளகியதைப் பிடித்து இழுக்காதீர்கள். என் முதல் பெட்டியில் வளைவு படிய வேண்டுமென்று நன்றாக இழுத்து அடித்தேன், அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது, சில வாரத்தில் பட்டை சுருங்கி அடிமுனையில் சுண்டுவிரல் அகலத்துக்குப் பலகை தெரிந்தது. பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தியது, கடைசியில் முழுதாகப் பிடுங்கித்தான் மாற்றினேன்.

அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்குங்கள், வளைவை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றி வந்து, மிச்சத்தை அங்கேயே வெட்டி முடியுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஓரிடத்தில் காடி தளர்வாக இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் பசை விடலாம்.