கேளுங்க, சொல்றோம்: பங்கு கேட்டவனுக்கே கடன்

கேள்வி: கனடாவில் பழங்குடி மக்கள் தன்னாட்சி கேட்டு அரசோடு பேச்சுவார்த்தை நடத்துகிறார்களாம். அதற்கு பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்குகிறார்களாம். பேசுவதற்கு எதற்குங்க பணம்?
(ஒரு வாசகர், அந்தியூர்)

பதில்: நம்ம ஊரில் பாகம் பிரிக்க உட்கார்ந்தாலே வக்கீல், சர்வேயர், பழைய பத்திர நகல் என்று எவ்வளவு கரைகிறது! அங்கே ஒரு பேச்சுவார்த்தை இருபது வருடத்துக்கு மேலும் ஓடும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிஸ்கா மக்கள் 1973-ல் உச்ச நீதிமன்ற வழக்கில் தோற்றார்கள், ஆனாலும் பூர்வீக நிலவுரிமை என்று ஒன்று உண்டு என்பதை நீதிபதிகளையே சொல்லவைத்துவிட்டார்கள். 1976-ல் மத்திய அரசோடு பேச உட்கார்ந்தவர்களுக்கு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2000 மே மாதம். சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் நிலம், சொந்தமாகச் சட்டம் போடும் சபை.

இத்தனை வருடமும் வக்கீலுக்கும் ஆய்வாளருக்கும் கொடுக்க இந்த மாதிரி சமூகங்களிடம் பணம் ஏது? அரசே கொடுத்தது, பெரும்பாலும் கடனாக! உடன்பாடு முடிந்து இழப்பீடு வரும்போது அதில் கழித்துக்கொள்வார்கள். பாகம் கேட்டு வந்த தம்பிக்கு அண்ணனே வண்டிச் செலவுக்குக் கைமாத்துக் கொடுத்துவிட்டு, பங்கு பிரிக்கிற அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்ட கதைதான். 2018 பட்ஜெட்டில்தான் இனிமேல் கடன் வேண்டாம், மானியமாகவே தருகிறோம் என்றார்கள். அடுத்த வருட பட்ஜெட்டில் பழைய கடனைத் தள்ளுபடி செய்யவும், ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் ஏழு ஆண்டுகளுக்கு 140 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

அதற்காக அங்கே ரொம்பத் தாராளம் என்றும் எண்ணிவிடாதீர்கள். பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படைச் சேவைகளுக்கான நிதி வருடம் 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று 1996-ல் ஒரு உச்சவரம்பு போட்டார்கள். ஜனத்தொகையும் விலைவாசியும் அதைவிட வேகமாக ஏறியும் சுமார் இருபது வருடம் அதைத் தொடவில்லை.

கேள்வி: நம்ம பர்கூர் மலைக்கு அப்படி ஏதாவது உண்டா?
(பெயர் வேண்டாம் என்றவர், பர்கூர்)

பதில்: தன்னாட்சி என்ற அளவில் இல்லை. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள், அதாவது பழங்குடியினருக்கென்று தனி நிர்வாக ஏற்பாடு உள்ள பகுதிகள், பத்து மாநிலங்களில் இருக்கின்றன, தமிழ்நாடு அதில் கிடையாது. அதனால் 1996-ல் வந்த பழங்குடிப் பகுதி பஞ்சாயத்துச் சட்டமும் இங்கே செல்லாது. பட்ஜெட்டில் 1970-களில் பழங்குடியினர் துணைத் திட்டம் என்ற பெயரில் தொடங்கிய ஒதுக்கீடு ஒன்று உண்டு, ஜனத்தொகை விகிதப்படி பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர்தான்.

உங்கள் மலையில் அந்த எண்ணிக்கைக்குள் வருவதே தகராறாக இருக்கிறது. மலையாளி (கேரளத்துக்காரர் இல்லை, நம்ம மலைகளில் வாழும் சமூகம்) என்ற பெயர் அரசின் பழங்குடியினர் பட்டியலில் சேலம், தருமபுரி போன்ற சில மாவட்டங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது, இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள பர்கூர் அன்றைக்கு இருந்த கோவை மாவட்டம் அதில் இல்லை. அதனால் கொல்லிமலை மலையாளி பழங்குடி, பர்கூர் மலையாளி பழங்குடி இல்லை. கொடுத்தால் கொடுக்கட்டும், கொடுக்காவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுகிற சமாச்சாரமா இது?

சரி, கையில் இருப்பது 2006 வன உரிமைச் சட்டம், காட்டில் தலைமுறையாக வாழ்பவர்கள் நிலம், மேய்ச்சல் போன்ற உரிமைகளைக் கேட்க வழி செய்வது. அதில் மனுவை முதலில் பார்ப்பது கிராம சபைதான், தாலுகா ஆபீஸ் இல்லை. உங்கள் பர்கூர் இனமான செம்மறை மாடுகளின் மேய்ச்சலுக்கும் அதில் உரிமை கேட்கலாம். ஆனால் பட்டியலில் இல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். காகிதம் இல்லையே என்று கையை விரிக்காதீர்கள். பழைய வீடு, கிணறு, சுடுகாடு, சாமி இருக்கும் இடம், மனு போடாத பெரியவர்கள் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம் எல்லாமே சான்றுதான் என்று விதியே சொல்கிறது. ஊரில் தொண்ணூறு தாண்டிய அப்பாரு, அம்மாயி யாராவது இருந்தால் இந்த வாரமே போய் எழுதி வாங்கிவிடுங்கள்.