சிறுநீரகவியல் ஃபெல்லோஷிப்: மகளை அனுப்பும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மகள் நெஃப்ராலஜி படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள், சர்வதேச ஃபெல்லோஷிப் கிடைத்தால் அங்கேயே வேலையில் அமர்ந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இந்த இரண்டையும் பிரித்துவிடுங்கள். அங்கே வேலை வேண்டுமென்றால் அந்நாட்டு உரிமத் தேர்வு, மொழித் தேர்வு, வேலை விசா என்று அதன் வழி தனி. சிறுநீரக மருத்துவர்களின் சங்கங்கள் ஃபெல்லோஷிப் என்ற பெயரில் தரும் பயிற்சி உதவியோ, கற்றதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவருக்காக ஒதுக்கப்பட்டது. அங்கேயே தங்கும் எண்ணத்தோடு இதற்கு விண்ணப்பித்தால் கடிதத்தில் அது எங்காவது தெரிந்துவிடும். தேர்வுக் குழுவினர் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

1960-ல் தொடங்கிய சர்வதேச சிறுநீரகவியல் சங்கம், சுருக்கமாக ஐ.எஸ்.என்., இதில் முன்னோடி. 1985 முதல் அதன் ஃபெல்லோஷிப் திட்டம் நடக்கிறது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளின் இளம் மருத்துவர்கள் வேறொரு மையத்தில் போய்ப் பயில்வதற்கான உதவி அது. குழந்தைகளின் சிறுநீரக நோய்தான் ஆர்வம் என்றால் இப்னா என்ற குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கத்தின் ஃபெல்லோஷிப்பைப் பார்க்கலாம். வயது வரம்பு, காலம், தொகை எல்லாம் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடியவை. போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல், நடப்பு அறிவிப்பை மகளே வரிவரியாகப் படிக்கட்டும்.

விண்ணப்பத்தின் உயிர் இரண்டு கடிதங்களில் இருக்கிறது. ஏற்றுக்கொள்ளும் மையத்தின் கடிதம் ஒன்று. சொந்தத் துறைத்தலைவரின் கடிதம் மற்றொன்று. பெரும்பாலோர் சறுக்குவது இரண்டாவதில்தான். "திறமையானவர், பண்பானவர்" என்று எழுதி வாங்கி வருகிறார்கள். திரும்பியதும் இவருக்கு என்ன பணியிடம், எந்தக் கருவி, வாரத்தில் எத்தனை நாள் இந்த வேலைக்கு என்று எழுதியிருந்தால்தான் அந்தக் கடிதத்துக்கு எடை.

எதைக் கற்பது என்பதை வார்டைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் முழுக்க ஓடும் டயாலிசிஸ் இயந்திரத்தைக் கற்றுவிட்டு, அந்த இயந்திரமோ அதன் ஃபில்டரோ இல்லாத மருத்துவமனைக்குத் திரும்பினால் ஆறே மாதத்தில் கை மறந்துவிடும். வயிற்றுக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வைத்துச் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் அப்படியல்ல. மின்சாரமோ நீர் சுத்திகரிப்பு ஆலையோ இல்லாமலே திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பில் உயிரைக் காப்பாற்றும். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் திசு எடுக்கும் பயாப்ஸிக்கோ ஊரில் வசதி வேண்டும். ஊசி போடப் பழகினால் போதாது. திசுவை ஒளிரும் சாயமேற்றிப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறைக்கு ஊரில் ஆய்வகம் இல்லையென்றால் பாதிப் பதில்தான் கிடைக்கும். அத்தகைய இடத்திலிருந்து நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பயிற்சிக்குப் போவது நல்லது.

இன்னொரு பொறி, பார்வையாளராக மட்டும் இருக்க விடும் அப்சர்வர்ஷிப். அந்நாட்டு உரிமம் இல்லாதவர் நோயாளியைத் தொட முடியாத இடங்கள் ஏராளம். மூன்று மாதம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "பயிற்சிக் காலத்தில் நானே கதீட்டர் போடலாமா, பயாப்ஸி செய்யலாமா? அதற்குத் தற்காலிக உரிமம் யார் வாங்கித் தருவார்கள்?" என்று ஏற்பவரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். பக்கத்து நாட்டில், அதே மாதிரி நோயாளிகளைப் பார்க்கும் பரபரப்பான மையம் பல நேரம் புகழ்பெற்ற மையத்தைவிட மேல். கைக்கு வேலை கிடைக்கும், செலவும் குறையும்.

வீட்டுச் சூழலால் மகள் நெடுநாள் வெளியே இருக்க முடியாதா? ஐ.எஸ்.என். அனுப்பும் நிபுணர் சில வாரம் மகளின் மையத்துக்கே வந்து கற்றுத்தரும் திட்டமும் உண்டு. இன்னும் ஆழமானது சகோதர மையத் திட்டம். வளர்ந்த மையமும் வளரும் மையமும் ஜோடி சேர்ந்து சி, பி, ஏ என்று படிப்படியாக ஏறும். ஒரு படிக்கு 2 ஆண்டு, மொத்தம் 6 ஆண்டு. செவிலியரும் டெக்னீஷியனும் இதில் பயில முடியும் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் 4 மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்கு 120 லிட்டர் திரவம் ஓடும். அதற்கான நீரின் தரத்தை அன்றாடம் கவனிப்பவர் பெரும்பாலும் டெக்னீஷியன்தான். மருத்துவர் மட்டும் கற்று வந்தால் அந்த ஓட்டை அடைபடாது.

படிப்பு முடிய ஓராண்டு இருக்கும்போதே மையங்களுக்கு எழுதத் தொடங்கட்டும். அரைப்பக்கம் போதும்: தன் வார்டில் என்ன இல்லை, எதைக் கற்க வேண்டும், திரும்பி எதைத் தொடங்கப் போகிறாள். அந்த மின்னஞ்சலை மகள்தான் எழுத வேண்டும், அவள் பெயரில் நீங்கள் எழுத வேண்டாம். வந்தது யாருடைய எழுத்து என்பது முதல் வீடியோ அழைப்பிலேயே தெரிந்துவிடும்.